நடுவில் நின்றவள்

கடையின் இரும்பு ஷட்டரை மேலே தள்ளிவிட்டு உரன்தனா கைபேசியைப் பார்த்தாள். அண்ணனிடமிருந்து எட்டுக் குரல்பதிவுகள் வந்து கிடந்தன. ஒவ்வொன்றும் அறுபது விநாடி. அதற்கு மேல் அந்தச் செயலி விடாது. விட்டிருந்தால் தாம்பா அண்ணன் எட்டு நிமிடத்தையும் ஒரே மூச்சில் பேசி முடித்திருப்பார். வாக்கியத்தின் பாதியில் அது வெட்டிவிடும் என்பது இத்தனை வருடமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்த பதிவில் மறுபடி "நான்தான், தாம்பா பேசறேன்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் குரல் தெரியாதா என்ன? ஆனால் வானொலியில் பேசுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்கள். நாற்பது வருடம் சட்டைக்குள் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஆடு மேய்த்தவருக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அடுப்பில் கரி போட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்து, ஜெராக்ஸ் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுப் பதிவுகளைக் காதில் வைத்தாள். முதல் பதிவு முழுக்க விசாரிப்பு. இலையுதிர்காலம் நல்லபடியாகக் கழிகிறதா, மந்தை கொழுத்திருக்கிறதா என்று கேட்டார். உரன்தனா டவுனுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அவளிடம் மந்தை என்று சொல்லிக்கொள்ள இந்த ஜெராக்ஸ் இயந்திரமும் ஒரு பிரிண்டரும்தான். இருந்தாலும் கேட்கிற முறைக்குக் கேட்டாக வேண்டும். இரண்டாவதில் காற்று, மூன்றாவதில் பக்கத்து மேய்ச்சல்நில வேலிக்காரர் வீட்டுக் கல்யாணம். நான்கும் ஐந்தும் சிவப்புக் குதிரைக்கு. உண்மையில் அது அனுஜினின் குதிரை. உரன்தனாவின் மகள் அனுஜினுக்கு நான்காம் வயதில் முதல் முடி இறக்கியபோது, தாய்மாமன் சீராக தாம்பா கொடுத்த குட்டி. பத்தொன்பது வருடமாக அதன் தும்மல் இருமல் வரைக்கும் உரியவளுக்குத் தகவல் போய்க்கொண்டிருக்கிறது.

கெட்ட சேதியை எடுத்த எடுப்பில் சொல்வது இந்த மங்கோலியப் புல்வெளிப் பக்கத்துப் பழக்கம் இல்லை. முதலில் புல், பிறகு பனி, பிறகு கால்நடை, அதற்குப் பிறகுதான் மனிதர். எனவே அண்ணனின் பதிவுகளில் விஷயம் எப்போதும் கடைசிக்கு முந்தையதில் இருக்கும் என்று உரன்தனாவுக்கு ஒரு கணக்கு. அன்றைக்கு அது ஒன்று முன்னதாக, ஆறாவதிலேயே வந்துவிட்டது.

"...கோடையிலேர்ந்து குரல் கம்மிக்கிடந்துச்சே, புகையிலைன்னு நினைச்சோம். புகையிலை இல்லையாம். பெரிய ஊரு டாக்டர் பார்த்துட்டாரு. கட்டியைக் குரல்பெட்டியோட எடுத்துடணுமாம், பதினேழாம் தேதி. உசிருக்கு ஒண்ணும் இல்லைங்கறாரு. ஆனா அதுக்கப்புறம் வாயைத் தொறந்தா காத்துதான் வருமாம். அதனால அனுஜினோட ஒரு தடவை நேராப் பேசணும் உரன்தனா. இந்த மாதிரி பதிஞ்சு அனுப்பறது வேணாம். எதிர்ல உக்காந்து பேசற மாதிரி. பதினஞ்சாம் தேதி உன் கடைக்கு வர்றேன், அங்கேர்ந்து நீ அவளைக்..."

வெட்டிவிட்டது. ஏழாவது பதிவில் "நான்தான், தாம்பா பேசறேன்" என்று வேலிக் கம்பி பற்றித் தொடர்ந்தார்.

இயந்திரம் காகிதம் தீர்ந்து கத்திக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. வாசலில் ஒரு கிழவர் தன் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார். "இதுல என்னமோ எழுதி வந்திருக்கு. என்னன்னு பாரும்மா."

நாள் முழுக்க இதுதான் அவள் பிழைப்பு. காகிதம் நகலெடுப்பது பெயருக்கு. மேய்ச்சல்காரர்களுக்குச் சீனத்தில் வருகிற குறுஞ்செய்திகளைப் படித்து மங்கோலியத்தில் சொல்ல வேண்டும்; அவர்கள் சொல்வதைச் சீனத்தில் எழுதி அனுப்ப வேண்டும். 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று இருந்தால் அவள் "இன்னொரு தடவை வரச் சொல்றாங்க பெரியப்பா" என்பாள். முதலில் அது இரக்கமாகத்தான் இருந்தது. போகப்போகப் பழக்கமாகிவிட்டது. ஊசி முனையை மழுக்கிக் கொடுத்துக் கொடுத்து அவள் வாயே மழுங்கிப்போய்விட்டது என்று சில மாலைகளில் அவளுக்குத் தோன்றும். அந்த நேரத்தில் யாருடனும் பேசப் பிடிக்காது. கணவன் லாரியில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு போய் வாரக்கணக்கில் வராமலிருப்பதுகூட அப்போது ஒரு சௌகரியமாகப் படும்.

அனுஜின் தொலைவில், ஹோஹோட் நகரத்தில் வேலை பார்க்கிறாள். உலர்ந்த மாட்டிறைச்சியும் பால்கட்டியும் விற்கிற ஒரு நிறுவனத்துக்குக் குறுங்காணொளி எடுக்கும் வேலை. வாடகைக்கு வாங்கிய மங்கோலிய அங்கியைப் போட்டுக்கொண்டு, இடுப்புக் கச்சையை ஆண்பிள்ளை மாதிரி இறக்கிக் கட்டிக்கொண்டு, சுத்தமான சீனத்தில் பேசுவாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஏழு வயதில் அவளைச் சீனப் பள்ளியில் சேர்த்தவள் உரன்தனாவேதான். 'நம்ம மொழி எங்கே போய்விடப்போகிறது, வீட்டில்தானே இருக்கிறது' என்றாள் அப்போது. வீட்டில்தான் இருந்தது. வீட்டில் பேசத்தான் ஒருவரும் இல்லை. இப்போது அனுஜினுக்குத் தெரிந்தது வா, போ, சாப்பிடு, குளிர்கிறது, அதோடு சரி.

மாமாவின் குரல்பதிவுகளை அவள் கேட்டுப் பார்க்காமல் இல்லை. பதிவை எழுத்தாக மாற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். செயலிக்கு மங்கோலியம் தெரியாது. அது பாட்டுக்குக் கேட்ட சத்தத்தையெல்லாம் சீன எழுத்தாக்கி 'அத்தை ஒட்டகம் மேசை நனைந்தது' என்று ஏதோ கொடுத்தது. அனுஜின் சிரிப்புப் படங்களோடு அதை அம்மாவுக்கு அனுப்பி, "நீயே எழுதி அனுப்பிடும்மா, சுருக்கமா" என்றாள். அன்றிலிருந்து நாலு வருடம். அண்ணனின் எட்டு நிமிடம் உரன்தனாவின் விரலில் இரண்டு வரியாகும். அனுஜின் பதிலுக்கு ஒரு 'ஓகே'யும் ஓர் ஆட்டுக்குட்டிப் படமும் அனுப்புவாள். அதை அப்படியே அண்ணனுக்கு எப்படிச் சொல்வது? ஓர் ஆட்டுக்குட்டிப் படத்தை எப்படிக் குரலில் சொல்வது? ஆகவே உரன்தனா கதவைச் சாத்திக்கொண்டு, "அனுஜின் கேக்கறா அண்ணே" என்று ஆரம்பித்து ஒரு நிமிடம் பேசுவாள். முழங்கால் வலி தேவலையா, தனியாகக் கிணற்றுக்குப் போகாதீர்கள், சிவப்பியின் குளம்பில் கசிவு நின்றதா, புது பூட்ஸ் காலைக் கடிக்கிறதா? வாயில் வருவதெல்லாம் பேசுவாள். மறுநாள் அண்ணன் ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பார், அவளுக்கு இல்லை, அனுஜினுக்கு. "என் கண்ணு, உன் மாமனுக்கு முழங்கால் இப்ப பரவாயில்லடா."

அந்தக் குழைவில் அவர் உரன்தனாவிடம் ஒருநாளும் பேசியது கிடையாது. அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா போனார். பன்னிரண்டு வயது மூத்த அண்ணன்தான் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் அவளைப் படிக்க வைத்தார். ஆனால் அவளிடம் பேச்சு என்றால் உத்தரவும் தகவலும்தான். அந்த வீட்டில் அப்படித்தான். அப்பா காலத்தில் சுவரில் கம்பி இழுத்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று இருந்தது. காலையில் தானாகக் கத்தும், மாலையில் தானாக ஓயும், நிறுத்தப் பொத்தான்கூடக் கிடையாது. அப்பா பிள்ளைகளோடு பேசியதைவிட அந்தப் பெட்டிக்குப் பதில் சொன்னதுதான் அதிகம். அதே வீட்டில் வளர்ந்தவள், மகளின் பெயரைப் போட்டுக்கொண்டாவது அண்ணனைக் கொஞ்சம் கொஞ்சிக்கொண்டாள். திருட்டுத்தனம்தான். அவளுக்கே தெரியும்.

இப்போது அவர் நேரில் பேச வேண்டும் என்கிறார். பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். நாலு வருடமாகக் குளம்பை விசாரித்த பெண்ணுக்குக் குளம்புக்கு மங்கோலியத்தில் என்ன பெயர் என்றே தெரியாது. குரல் போகப்போகிற மனிதர் இதையும் தெரிந்துகொண்டா போக வேண்டும்?

அவள் சீனத்தில் எழுதினாள்: 'மாமா நலம். பனி விழுந்துவிட்டதாம். குதிரையின் குளம்பு ஆறிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.'

மதியத்துக்கு மேல் ஆட்டுக்குட்டிப் படம் வந்தது. கூடவே ஒரு வேண்டுகோள். "அம்மா, மாமாவோட குரல் பதிவு எதுவும் இருந்தா அனுப்பேன். வீடியோவுக்குப் பின்னணியா போடணும். அசல் புல்வெளிக் குரல் வேணும்னு ஆபீஸ்ல கேக்கறாங்க."

கடையில் ஆறு பேர் தடுப்பூசிப் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். உரன்தனா எட்டுப் பதிவுகளையும் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டாள். கேட்டால் மட்டும் அவளுக்கு என்ன புரிந்துவிடப்போகிறது என்ற தைரியம். அந்த மொழி தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் தானும் அண்ணனும் மட்டும்தான் என்பதுபோல அந்த ஒரு விநாடி அவள் நினைத்துவிட்டாள். அசதியில் செய்ததா, இல்லை, எங்கேயாவது போய் உடையட்டும் என்று தெரிந்தேதான் விட்டாளா என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். விடை கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை நோர்ஜிமா அக்கா கடைக்குள் வந்தாள். தாம்பாவின் வேலிக்கு அடுத்த வேலிக்காரி. எந்தப் படிவமும் கொண்டுவரவில்லை. தேநீர் வேண்டாம் என்றாள். தேநீர் வேண்டாம் என்று நோர்ஜிமா சொன்னால் அது சண்டைக்கு அடையாளம்.

"இது உன் பொண்ணுதானே?"

கைபேசித் திரையில் அனுஜின் நீல அங்கியில் சிரித்துக்கொண்டே ஒரு துண்டைக் காற்றில் சுழற்றினாள். பின்னால் குதிரைத்தலை செதுக்கிய தந்தி வாத்தியத்தின் இசை. அதற்கும் கீழே, கரகரப்பாக, தாம்பாவின் குரல்.

"ஆமா அக்கா."

"அந்த ஆளு தொண்டையே போகப்போகுது, கடைசியா ஒரு தடவை பொண்ணோட பேசணும்னு கெஞ்சிக்கிட்டிருக்கான். இவ பல்லைக் காட்டிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வர்றா. அடியில மாட்டிறைச்சி பாக்கெட் வேற. என்ன குடும்பம்டி உங்களது?"

உரன்தனா கைபேசியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். காணொளிக்குக் கீழே சீனத்தில் 'தாய்மாமனின் வாழ்த்து. புல்வெளி உங்களை அழைக்கிறது' என்று போட்டிருந்தது. எண்பதாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். 'என்ன கம்பீரமான குரல்!', 'கண்ணை மூடினால் குதிரைகள் தெரிகின்றன!' என்று பின்னூட்டங்கள். நடுநடுவே அவள் மொழிக்காரர்கள். 'தங்கச்சி, அவர் என்ன பேசுகிறார் என்று தெரிந்துதான் போட்டாயா?' அதற்கும் கீழே யாரோ ஒருவன், எந்த மூலையில் இருக்கிறானோ, தாம்பாவின் அறுபது விநாடியையும் ஒரு சொல் விடாமல் சீனத்தில் எழுதி வைத்திருந்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தன் நாலு வருட வேலையை அந்த ஊர்பேர் தெரியாதவன் ஒரே பத்தியில் ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டதை உரன்தனா இரண்டு முறை படித்தாள்.

நோர்ஜிமா போய்ப் பத்து நிமிடத்தில் மகள் அழைத்தாள்.

"அம்மா, மாமாவுக்கு ஆபரேஷனா?"

"ஆமாம்மா."

"பனி விழுந்துச்சுன்னு எழுதினே."

"பனியும் விழுந்துச்சு."

அந்தப் பக்கம் அலுவலகத்தில் யாரோ சிரிப்பது கேட்டது.

"வீடியோவை எடுத்துட்டேன். ஆபீஸ்ல திட்டறாங்க, திட்டட்டும். இவ்வளவு நாளா நீ எழுதினதெல்லாம் அவர் சொன்னதா, நீ சொன்னதா?"

"பாதி அவர். பாதி நான்."

"நான் சொன்னதா அவர்கிட்ட என்ன சொல்லிவச்சிருக்கே?"

"நீ கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் கேட்டேன்."

"அது நான் இல்லையேம்மா," என்றாள் அனுஜின். கோபமாகச் சொல்லியிருந்தால் உரன்தனா திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். குழந்தை எதையோ தொலைத்துவிட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, பதினைந்தாம் தேதி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

பதினைந்தாம் தேதி தாம்பா வந்தார். நல்ல நாளைக்கு உடுத்துகிற பழுப்பு அங்கி, மஞ்சள் கச்சை. பெரிய ஊருக்கான பஸ் பதினோரு மணிக்குக் கடைக்கு எதிரிலேயே நிற்கும். அடுப்போரம் அமர்ந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, பால்தேநீரை வாய் வாயாக விழுங்கினார். விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். குரல் பதிவில் கேட்டதைவிட மோசமாக இருந்தது; காகிதத்தைத் தேய்ப்பது மாதிரி வந்தது.

"நோர்ஜிமா காட்டினா," என்றார்.

உரன்தனா தரையைப் பார்த்தாள்.

"பொண்ணு அழகா இருக்கா. கச்சையைத்தான் எவனோ திருடன் மாதிரி கட்டியிருக்கா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என் பேச்சு மேல பாட்டைப் போட்டிருக்கா. புரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டா. அவ்வளவு கல்நெஞ்சு நம்ம வீட்டுல கிடையாது. அப்ப அவளுக்குப் புரியல. சரி. அப்படின்னா இத்தனை நாளா சிவப்பியோட குளம்பை விசாரிச்சது யாரு?"

"நான்தான் அண்ணே."

"முழங்காலை?"

"நான்தான்."

"பூட்ஸு கடிக்குதான்னு கேட்டது?"

தலையை மட்டும் ஆட்டினாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தாள். நாற்பத்தொன்பது வயதில் அண்ணன் கையால் அடி வாங்கினால் ஒருவேளை நிம்மதியாக இருக்கும்.

"பூட்ஸு கடிச்சது நிஜம்," என்றார் தாம்பா. "உன் பேர்லயே கேட்டிருக்கலாம். உனக்கும் பதில் சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். உரன்தனா எழுந்து போய்ப் பிரிண்டருக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்லியிருப்பாரா என்று அவளுக்குச் சந்தேகம்தான். ஆனால் இந்தக் குரலில் அவர் சொல்லும் கடைசிச் சொற்களில் ஒன்றாக அதை வைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

"அவளுக்கு நம்ம பேச்சு எவ்வளவு தெரியும்?"

"வா, போ, சாப்பிடு. அவ்வளவுதான் அண்ணே. நான் பக்கத்துல இருந்து சொல்றேன்."

"வேணாம். பேசப்போறது நான்தானே. போனைப் போடு."

கைபேசியை ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்தாள். திரையில் அனுஜின் ஏதோ மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கி இல்லை, பூச்சு இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, தூங்காத முகத்தோடு இருந்தாள். "மாமா," என்று மங்கோலியத்தில் கூப்பிட்டாள். உச்சரிப்பு கோணலாக இருந்தது. தாம்பா அங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "நான்தான், தாம்பா பேசறேன்," என்றார்.

"மாமா சொல்றாரு..." என்று உரன்தனா சீனத்தில் தன்னையறியாமல் ஆரம்பித்தாள். பழக்கதோஷம்.

"அம்மா," என்றாள் அனுஜின். "நீ பேசாத."

அதே சமயம் அண்ணனும் அவளைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. அவள் அவருடைய துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வெளியே வெயில் இருந்தும் காற்று எலும்பைத் தொட்டது. கண்ணாடிக் கதவு வழியே அண்ணனின் முதுகும், அதற்கப்பால் சின்னத் திரையும் தெரிந்தன. அவர் பேசிக்கொண்டே இருந்தார். வெட்டிவிட எதுவும் இல்லாததால் ஒரே தொடர்ச்சியாகப் பேசினார். கை ஓரிடத்தில் குதிரையின் உயரத்தைக் காட்டியது. பிறகு கூடாரத்தைக் காட்டியது. பிறகு எதைக் காட்டுகிறது என்று உரன்தனாவுக்குப் புரியவில்லை. அண்ணனிடமிருந்து மகளுக்குப் போகிற சொற்களில் தனக்குத் தெரியாமல் போவது இதுதான் முதல்முறை. அவளுக்குக் காது பரபரத்தது. வாயில் வந்து முட்டுகிற மொழிபெயர்ப்பு எதுவும் இல்லாமல் வாய் வெறுமையாக இருந்தது. அது ஓய்வா, வேலை பறிபோன வலியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பஸ் வந்து எதிரே நின்றது. நாலைந்து பேர் ஏறினார்கள். ஓட்டுநர் இவள் பக்கம் பார்த்து ஹாரன் அடித்தார். உரன்தனா பையைத் தோளில் மாற்றிக்கொண்டு கதவை அரையாகத் திறந்தாள்.

தாம்பாவின் குரல் ஏறக்குறைய மூச்சாகிவிட்டிருந்தது. அவர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அனுஜின் "ம்" என்றாள். அடுத்ததற்கும் "ம்". கன்னத்தில் வழிவதைத் துடைக்காமல், கண்ணை எடுக்காமல், ஒரு வார்த்தை புரியாமல், நிறுத்தம் தவறாமல் உம் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த "ம்" வரும்வரை தாம்பா காத்திருந்து, பிறகு அடுத்த வாக்கியத்தை எடுத்தார்.

கதவின் குளிர்காற்று பட்டதும், அவர் திரும்பாமலே இடது கையை உயர்த்தி உள்ளங்கையைத் தங்கையின் பக்கம் காட்டினார்.

ஹாரன் மறுபடி அடித்தது. உயர்ந்த கை இறங்கவில்லை. உரன்தனா ஒரு காலை வாசலுக்குள்ளும் ஒரு காலைத் தெருவிலும் வைத்தபடி நின்றாள். பிறகு சாலைப் பக்கம் திரும்பி, பஸ்ஸைப் பார்த்து, அதே மாதிரி தன் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள்.